பாரமானது கீழ போகும் எண்டது பாதிக் கதை: கலங்கின தண்ணி எப்பிடித் தெளியுது?

கொழும்பில பைப்ல கொஞ்சம் கலங்கலா தண்ணி வந்தா எந்த வீட்டிலயும் கேக்கிற பேச்சு ஒண்டுதான், "வாளியில பிடிச்சு வைங்க, கொஞ்ச நேரத்தில தெளிஞ்சிடும்." 2016 மே மாசம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் ஏறி இறங்கின பிறகு, குழம்பிக் கிடந்த கிணறுகளைப் பார்த்தும் இதே பேச்சுதான். ஏன் தெளியும் எண்டு கேட்டா, "மண் பாரம்தானே, பாரமானது கீழ போகத்தானே வேணும்" எண்டுவாங்க. அது பிழை எண்டு சொல்ல ஏலாது, ஆனா பாதிக் கதைதான். மற்றப் பாதி தெரியாததாலதான் மூண்டு நாள் வச்ச தண்ணி ஏன் இன்னும் கலங்கலா நிக்குது எண்டு ஆக்கள் குழம்புறாங்க, அதோட தெளியவிடுறது, வடிகட்டுறது, குடிக்கிற மாதிரி சுத்தமாக்குறது மூண்டையும் ஒரே வேலை எண்டு நினைச்சுக்கொண்டு, தெளிஞ்ச தண்ணியை அப்பிடியே பிள்ளைகளுக்கும் குடுக்கிறாங்க. இந்த ரெண்டாவது விஷயம் எனக்கு உண்மையிலயே கவலை. அதுக்காகவே ஆரம்பத்தில இருந்து எழுதுறன், கெமிக்கல் எஞ்சினியரிங் படிச்சிருக்கத் தேவையில்ல, ஓ லெவல் விஞ்ஞானம் கொஞ்சம் ஞாபகம் இருந்தா காணும்.

முதல்ல, எதைப் பிரிக்கிறம்?

ஒரு கலவையை ரெண்டாப் பிரிக்க எத்தனையோ வழி இருக்கு. சூடாக்கி ஆவியாக்கலாம், இரசாயனம் போட்டு மாத்தலாம். ஆனா ஒண்டோட ஒண்டு கரையாம, பக்கத்தில பக்கத்தில நிக்கிற பொருட்களை அவையின்ட பருமன், அடர்த்தி இந்த ரெண்டையும் வச்சே பிரிக்கிறதுக்குப் பேர் பொறிமுறைப் பிரிப்பு. அரிதட்டில மணல் அரிக்கிறது, துணியில தேங்காய்ப் பால் பிழியிறது, கலங்கல் தண்ணியை நிக்கவிட்டு மேல இருக்கிறதை ஊத்தி எடுக்கிறது எல்லாம் இந்தக் குடும்பம்தான். தண்ணிக்குள்ள கரையாம மிதந்துகொண்டு நிக்கிற தூள்களோட சேர்ந்த கலவையைத் தொங்கல் எண்டு சொல்லுவம், அந்தத் தூள் தன்ட பாட்டில கீழ இறங்கி அடியில சேருறதுதான் படிதல். இதுக்கு மேல புதுச் சொல் கனக்க வராது, வந்தா அந்த இடத்திலயே சொல்லுறன்.

கரைஞ்சதுக்கும் தொங்குறதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மறக்காம வச்சுக்கொள்ளுங்க, கடைசியில அது தேவைப்படும்.

ஒரு கண்ணாடிப் போத்தல் காணும்

வீட்டில ஜாம் போத்தல் ஒண்டு இருந்தா, தோட்டத்து மண் கால்வாசி போட்டு, தண்ணி நிறைச்சு, மூடியை இறுக்கி ஒரு நிமிஷம் நல்லாக் குலுக்கிட்டு மேசையில வச்சிட்டுப் பாருங்க. கைய எடுத்த உடனேயே அடியில ஒரு படை விழும், தொட்டா நறநறண்டு இருக்கிற மணல் அது, அரை நிமிஷம் ஒரு நிமிஷத்துக்குள்ள அந்தக் கதை முடிஞ்சிடும். அதுக்கு மேல மெல்ல மெல்ல இன்னொரு படை வரும், நிறம் கொஞ்சம் வித்தியாசமா, விரலுக்கு மா மாதிரி வழுக்கும், இது வண்டல், இதுக்கு மணித்தியாலக் கணக்கு. இவ்வளவும் நடந்த பிறகும் மேல தண்ணி தேத்தண்ணி நிறத்தில நிக்கும் பாருங்க, அதுதான் களி, அடுத்த நாள் காலையில பார்த்தாலும் நிக்கும், அதுக்கு அடுத்த நாளும் நிக்கும்.

இந்த மூண்டும் ஒரே மண்ணில இருந்து வந்தது, அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒண்டுதான், தண்ணியை விட சுமார் 2.6 மடங்கு. அப்ப "பாரமானது கீழ போகும்" எண்ட விளக்கம் இங்க உதவாது, ஏனெண்டா மூண்டும் தண்ணியை விடப் பாரம்தான். வித்தியாசம் பருமனில. மணல் ஒரு துணிக்கை ரெண்டு மில்லிமீற்றரில இருந்து ஒரு மில்லிமீற்றரில இருபதில ஒண்டு வரைக்கும் இருக்கும், களி ரெண்டு மைக்ரோனுக்கும் சிறிசு. மைக்ரோன் எண்டா ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாப் பிரிச்சா அதில ஒண்டு.

சின்னது ஏன் இவ்வளவு சோம்பல்?

கோதுமை மா ஒரு பிடி எடுத்து மேல இருந்து உதறினா குசினி முழுக்கப் புகையாப் பறக்கும், அதே மாவைக் குழைச்சு ரொட்டி உருண்டையாப் போட்டா டக்கெண்டு நிலத்தில விழும். மா அதேதான், காத்து அதேதான், பருமன் மட்டும் மாறிட்டுது. தண்ணிக்குள்ள மண்ணுக்கு நடக்கிறதும் இதேதான்.

காரணம் இப்பிடி. கீழ இழுக்கிறது புவியீர்ப்பு, அது துணிக்கையின்ட கனவளவைப் பொறுத்தது, அதாவது விட்டம் பாதியானா இழுவை எட்டில ஒண்டாக் குறையும். இறங்க விடாமப் பிடிக்கிறது தண்ணியின்ட உராய்வு, அது சின்னத் துணிக்கைகளுக்கு விட்டத்தையும் வேகத்தையும் பொறுத்து வரும், விட்டம் பாதியானா அதே வேகத்தில உராய்வு பாதியாத்தான் குறையும். இழுக்கிறது வேகமாக் குறையுது, பிடிக்கிறது மெதுவாக் குறையுது, அப்ப சின்னதாகச் சின்னதாகத் தண்ணியின்ட பிடிதான் வெல்லும். துணிக்கை இறங்கத் தொடங்கின உடனேயே இந்த ரெண்டும் சமனாகி ஒரே வேகத்தில இறங்கும், அதுக்குப் பேர் முடிவு வேகம்.

அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டவர் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ், 1851இல வெளிவந்த வேலை. சூத்திரத்தை எழுதாமலே சொல்லலாம்: முடிவு வேகம் நாலு விஷயத்தைப் பொறுத்தது. துணிக்கையின்ட விட்டத்தின்ட வர்க்கம், துணிக்கைக்கும் தண்ணிக்கும் இடையில இருக்கிற அடர்த்தி வித்தியாசம், கீழ இழுக்கிற ஈர்ப்பு, இந்த மூண்டும் கூடினா வேகம் கூடும், நாலாவது தண்ணியின்ட பாகுநிலை, அது கூடினா வேகம் குறையும். பாகுநிலை எண்டா ஒரு திரவம் விலகி வழி விட மறுக்கிற அளவு, கித்துள் பாணிக்குக் கூட, தண்ணிக்குக் குறைவு. கொழும்புத் தண்ணி 28, 30 பாகை சூட்டில இருக்கிறதால 20 பாகைத் தண்ணியை விடப் பாகுநிலை அஞ்சில ஒண்டளவு குறைவு, அதால இங்க எல்லாம் கொஞ்சம் கெதியாப் படியும், நல்ல விஷயம்தான், ஆனா களிக்கு அது காணாது.

விட்டத்தின்ட வர்க்கம் எண்டது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு கணக்கில பாருங்க. 100 மைக்ரோன் மணல் 20 பாகைத் தண்ணியில ஒரு மீற்றர் இறங்க கிட்டத்தட்ட 2 நிமிஷம். 10 மைக்ரோன் வண்டல் அதே ஒரு மீற்றருக்கு 3 மணித்தியாலம். 1 மைக்ரோன் களி 13 நாள். அதுவும் தண்ணி துளியும் அசையாம நிண்டாத்தான் 13 நாள், உண்மையில வாளியில வெயில் பட்டு ஒரு பக்கம் சூடானாலே தண்ணி சுத்தத் தொடங்கி எல்லாத்தையும் திரும்பக் கிளப்பிவிடும்.

அடர்த்தி வித்தியாசம் வேலை செய்யுற இடமும் இருக்கு, அதையும் சொல்லாட்டி நியாயமில்ல. இரத்தினபுரியில கல் தோண்டுற ஆக்கள் இல்லம் எண்டு சொல்லுற பரலைக் கூடையில போட்டுத் தண்ணியில சுத்திச் சுத்திக் கழுவுறாங்க, நீலக்கல் தண்ணியை விட 4 மடங்கு அடர்த்தி, சாதாரண படிகக்கல் 2.65 மடங்கு, பருமன் ஒண்டா இருந்தாலும் நீலக்கல் முந்தி அடியில போய்ச் சேரும், மற்றது விளிம்பால கழண்டு போகும். புல்மோட்டை மணலில இல்மனைட் எண்ட பாரமான கறுப்புத் தாதுவைப் பிரிக்கிறதும் முதல் கட்டத்தில இந்த அடிப்படைதான். அரிக்கன் சட்டியில அரிசி அரிச்சுக் கல் எடுக்கத் தெரிஞ்ச எந்த அம்மம்மாவுக்கும் இது கைப்பழக்கம். வித்தியாசம் மைனசில போனா, அதாவது துணிக்கை தண்ணியை விட லேசா இருந்தா, அதே கணக்குத் தலைகீழா மேல போகும், தேங்காய்ப் பாலை வச்சா மேல கிறீம் திரளுறது அதால.

இதுவரைக்கும் சொன்னது: படியுற வேகத்தைத் தீர்மானிக்கிறது பாரம் மட்டும் இல்ல, பருமன், அடர்த்தி வித்தியாசம், ஈர்ப்பு, பாகுநிலை நாலும். அதில பருமன் வர்க்கமா வாறதால அதுதான் ராசா. இனி வரப்போற எல்லா மெஷினும் டாங்கியும் இந்த நாலில ஒண்டை மாத்துது, இல்லாட்டி இறங்க வேண்டிய தூரத்தைக் குறைக்குது. இதை மட்டும் பிடிச்சுக்கொண்டா மிச்சம் எல்லாம் தானா விளங்கும்.

டாங்கி ஆழமா இருந்தா நல்லாப் படியுமா?

இது கனபேர் பிழையா நினைக்கிற இடம், படிச்ச ஆக்களும்தான். கொழும்புக்கு வாற தண்ணியில பெரும் பகுதி அம்பத்தலையில களனி கங்கையில இருந்து எடுத்துச் சுத்திகரிச்சு வாறது. அங்க தண்ணி வாளியில மாதிரி நிக்கிறது இல்ல, ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போய்க்கொண்டே இருக்கும், அந்தப் பயணத்துக்குள்ள மண் கீழ தொட்டுட வேணும். அப்ப டாங்கியை இன்னும் ஆழமாத் தோண்டினா தண்ணி கூட நேரம் நிக்கும், கூடப் படியும் எண்டுதானே தோணும்?

ஆழத்தை ரெண்டு மடங்காக்கினா தண்ணி நிக்கிற நேரம் ரெண்டு மடங்காகும், சரி. ஆனா துணிக்கை இறங்க வேண்டிய தூரமும் ரெண்டு மடங்காகிட்டுது. ரெண்டும் வெட்டிப்போகும், லாபம் பூச்சியம். 1904இல அலன் ஹேசன் எண்ட அமெரிக்க எஞ்சினியர் இதைத் தெளிவா எழுதினார்: ஒரு டாங்கி எந்தத் துணிக்கையைப் பிடிக்கும் எண்டு தீர்மானிக்கிறது அதின்ட மேற்பரப்பு, ஆழம் இல்ல. மணித்தியாலத்துக்கு 10 கன மீற்றர் தண்ணி 10 சதுர மீற்றர் பரப்புள்ள டாங்கிக்குள்ள போகுது எண்டு வைங்க, 10ஐ 10ஆல பிரிச்சா மணித்தியாலத்துக்கு ஒரு மீற்றர். அதை விட வேகமா இறங்குற துணிக்கை எல்லாம் அகப்படும், மெதுவா இறங்குறதில ஒரு பங்கு தப்பிப் போகும். அந்த வேகத்தை ஸ்டோக்ஸ் கணக்கில போட்டுப் பார்த்தா 18 மைக்ரோன் அளவு மண் துணிக்கை வரும். அதாவது அந்த டாங்கி மணலையும் பெரிய வண்டலையும் முழுசாப் பிடிக்கும், களியை ஒண்டும் செய்யாது, 5 மீற்றர் ஆழத்துக்குக் கட்டினாலும் செய்யாது.

உண்மையான டாங்கியில ஆழம் வேற காரணங்களுக்குத் தேவைதான், அடியில சேருற சேறு கிளம்பாம இருக்க, சேறு சேர இடம் வைக்க. ஆனா இடம் விலை கூடின கொழும்பு மாதிரி ஒரு ஊரில "பரப்புத்தான் முக்கியம்" எண்டது சந்தோஷமான செய்தி இல்ல, அதால எஞ்சினியர்மார் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க.

சரிச்சு வச்சா கெதியாப் படியும்

ஒரே டாங்கிக்குள்ள தட்டுக்களைக் கொஞ்ச கொஞ்ச இடைவெளி விட்டு அடுக்கினா ஒவ்வொரு தட்டும் ஒரு புது நிலம். துணிக்கை டாங்கியின்ட அடி வரைக்கும் போகத் தேவையில்ல, கீழ இருக்கிற தட்டைத் தொட்டாக் காணும், அது சில சென்ரிமீற்றர்தான். ஆனா தட்டு மட்டமா இருந்தா சேறு அதிலயே குந்திக்கொண்டு இருக்கும், அதால 60 பாகை அளவு சரிச்சு வைக்கிறாங்க, சேறு தானா வழுக்கிக் கீழ போகும், தெளிஞ்ச தண்ணி மேல ஏறும்.

சரிவால வேகம் கூடுறதை முதல்ல கவனிச்சது தண்ணி எஞ்சினியர் இல்ல, ஒரு நோயியல் டொக்டர். ஆர்தர் பொய்கொட் எண்டவர் 1920இல, இரத்தம் நிரப்பின குழாயைச் சரிச்சு வச்சா சிவப்பணுக்கள் நேரா வச்சதை விடக் கெதியாப் படியுது எண்டு எழுதினார். எங்களுக்குக் காய்ச்சல் வந்து லாப்ல ஈ.எஸ்.ஆர் பார்க்கிறாங்களே, அது அசல் படிதல் பரிசோதனைதான், இரத்தத்தைக் குழாயில விட்டு ஒரு மணித்தியாலத்தில சிவப்பணு எத்தனை மில்லிமீற்றர் இறங்கிட்டுது எண்டு அளக்கிறது. குழாய் கொஞ்சம் சரிஞ்சு நிண்டாலே எண் பொய்யாக் கூடிக் காட்டும், அதால அதை நேரா நிப்பாட்டுறதில லாப் ஆக்கள் கவனமா இருப்பாங்க.

இந்த ஈ.எஸ்.ஆர் ஏன் உடம்புக்குள்ள அழற்சி இருந்தாக் கூடுது எண்டு பார்த்தா அடுத்த விஷயத்துக்கு நேரா வந்திடலாம். அழற்சி நேரத்தில இரத்தத்தில ஃபைப்ரினோஜன் மாதிரிப் புரதங்கள் கூடும், அது சிவப்பணுக்களைக் காசு அடுக்கின மாதிரி ஒண்டோட ஒண்டு ஒட்ட வைக்கும். ஒட்டினா பருமன் கூடும், பருமன் கூடினா வேகம் வர்க்கமாக் கூடும். ஒவ்வொரு அணுவும் பாரம் கூடினதால இல்ல, கூட்டமாப் போறதால கெதியா இறங்குது. களிக்கும் இதைத்தான் செய்ய வேணும்.

களியைக் கூட்டமாக்குறது: சீனாக்காரத்தின்ட வேலை

களித் துணிக்கைகள் தாங்களா ஏன் ஒட்டிப் படியுறது இல்ல? ரெண்டு காரணம். தண்ணி மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்தாலயும் இடிச்சுக்கொண்டே இருக்கிறதால மிகச் சின்னத் துணிக்கை ஓயாம ஆடிக்கொண்டு இருக்கும், இதைப் பிரவுணியன் அசைவு எண்டு சொல்லுறது, ஒரு மைக்ரோனுக்குக் கீழ போகப் போக இந்த ஆட்டம் படிதலையே தோற்கடிக்கும். ஜோன் பெரான் எண்ட பிரெஞ்சு விஞ்ஞானி இப்பிடிப்பட்ட துணிக்கைகள் அடியில அடர்த்தியா, மேல போகப் போக ஐதா, ஒரு சமநிலையில நிக்கிறதை எண்ணிக் காட்டித்தான் அணு, மூலக்கூறு எல்லாம் உண்மை எண்டு உலகத்தை ஒத்துக்கொள்ள வச்சார், 1926இல பௌதிகவியல் நோபல் பரிசு கிடைச்சதும் அதுக்குத்தான். வெறும் மண்டி படியுற விஷயம் எண்டு நினைக்கிறதுக்குள்ள எவ்வளவு பெரிய விஷயம் இருந்திருக்கு பாருங்க.

ரெண்டாவது காரணம் மின்னேற்றம். தண்ணியில களித் துணிக்கையின்ட மேற்பரப்பு மறை ஏற்றத்தோட இருக்கும், எல்லாம் ஒரே ஏற்றம், கிட்ட வந்தா ஒண்டை ஒண்டு தள்ளிவிடும். ஆட்டத்தால மோத வாறதும், ஏற்றத்தால தள்ளுப்பட்டுப் போறதுமாவே காலம் போகும்.

சீனாக்காரம், அதாவது அலம், தண்ணிக்குள்ள போனா அதில இருக்கிற அலுமினியம் நேர் ஏற்றத்தோட வந்து அந்த மறை ஏற்றத்தை அடக்கும், அதோட அலுமினியம் ஹைட்ரொக்சைட்டு எண்ட பஞ்சு மாதிரி ஒரு பொருளா மாறிக் களியை எல்லாம் தனக்குள்ள வாரிக்கொண்டு திரளும். அந்தத் திரளைத்தான் ஃபுளொக் எண்டு சொல்லுறது. சுத்திகரிப்பு நிலையத்தில முதல்ல மருந்தைப் போட்டுச் சில நொடி வேகமாக் கலக்குவாங்க, மருந்து எல்லா இடமும் போக, பிறகு இருபது முப்பது நிமிஷம் துடுப்பை மெல்ல மெல்லச் சுத்துவாங்க, திரள்கள் ஒண்டோட ஒண்டு மோதி வளர. இந்த ரெண்டாவது கட்டத்தில அவசரப்பட்டு வேகமாக் கலக்கினா கட்டின ஃபுளொக் உடைஞ்சிடும், ஒருக்கா உடைஞ்சது பழையபடி வளருறது கஷ்டம். வீட்டில சீனாக்காரம் போடுற ஆக்கள் செய்யுற பெரிய பிழை இதுதான், போட்ட உடன கரண்டியால அடிச்சுக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் போட்டு, ஒருக்கா நல்லாக் கலக்கி, பிறகு மெல்ல மெல்லச் சுத்தி, விட்டிடணும். கூடப் போட்டா நல்லது எண்டதும் இல்ல, அளவு மிஞ்சினா துணிக்கைகள் நேர் ஏற்றம் ஏறித் திரும்பவும் ஒண்டை ஒண்டு தள்ளத் தொடங்கும். மழை பெய்ஞ்சு கங்கை கலங்கினா நிலையத்தில மருந்து அளவைத் திருப்பிப் பார்ப்பாங்க, ஆறு கிளாசில அதே தண்ணியை விட்டு ஆறு வேற அளவு மருந்து போட்டு எதில நல்லாத் திரளுது எண்டு பார்க்கிற ஜார் டெஸ்ட் எண்ட சோதனை அதுக்குத்தான்.

இப்ப "பாரம்" கதைக்கு வருவம். ஃபுளொக்கின்ட பெரும் பகுதி தண்ணிதான், அதின்ட அடர்த்தி தண்ணியை விட ஒரு சதவீதம் கூட எண்டு வைப்பம், களித் துணிக்கையோட பார்த்தா அது லேசானதிலயும் லேசு. ஆனா அரை மில்லிமீற்றர் பருமன் இருந்தா ஸ்டோக்ஸ் கணக்கில செக்கனுக்கு 1.4 மில்லிமீற்றர் இறங்கும், ஒரு மைக்ரோன் களியை விட 1500 மடங்கு வேகம். 13 நாள் எடுத்த ஒரு மீற்றர் இப்ப 12 நிமிஷம். லேசாகிக்கொண்டே வேகமாகுது, "பாரமானதுதான் கீழ போகும்" எண்டு மட்டும் நினைச்சுக்கொண்டு இருந்தா இது விளங்கவே விளங்காது.

ஊர்ப் பக்கம் தேத்தாங்கொட்டையைக் குடத்துக்குள்ள உரசிக் கிணத்துத் தண்ணி தெளிய வைக்கிற பழக்கம் இருந்தது, அதில இருந்து வாற நீண்ட மூலக்கூறுகள் துணிக்கைகளைப் பாலம் போட்டுச் சேர்க்கும். முருங்கை விதையில நேர் ஏற்றமுள்ள புரதம் இருக்கு, அதுவும் அப்பிடி. களனி கங்கை முகத்துவாரத்தில கடலோட சேருற இடத்தில உப்பே இந்த வேலையைச் செய்யுது, உப்பில இருக்கிற அயன்கள் களியின்ட ஏற்றத்தை மறைச்சுவிட, மலையில இருந்து 145 கிலோமீற்றர் தொங்கிக்கொண்டே வந்த களி அங்க திரண்டு படியத் தொடங்கும்.

ஒருக்காத் திரும்பிப் பார்த்தா, சரிச்ச தட்டு தூரத்தைக் குறைச்சுது, சீனாக்காரம் பருமனைக் கூட்டிச்சுது. மிச்சம் இருக்கிறது ஈர்ப்பு.

ஈர்ப்பையே கூட்டுறது

பூமியின்ட இழுவையை மாத்த ஏலாது, ஆனா சுத்தலாம். ஒரு பாத்திரத்தை வேகமாச் சுத்தினா உள்ள இருக்கிறதெல்லாம் வெளிப்பக்கம் தள்ளுப்படும், அடர்த்தி கூடினது கூடத் தள்ளுப்படும், இதுதான் மையநீக்கி, லாப்ல சென்ரிஃபியூஜ் எண்டு சொல்லுறது. 10 சென்ரிமீற்றர் ஆரையில நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினா கிடைக்கிற இழுவை புவியீர்ப்பை விட 1000 மடங்கு. 13 நாள் எடுத்தது 20 நிமிஷத்துக்குள்ள முடியும், அதுவும் ஒரு மீற்றருக்கு, சின்னக் குழாயில ரெண்டு நிமிஷம் காணும்.

எங்கட நாட்டில இதுக்கு நல்ல உதாரணம் இறப்பர் பால். மரத்தில இருந்து வடியுற பாலில இறப்பர் மூண்டில ஒரு பங்கு அளவுதான், துணிக்கையில கூடுதலானது ஒரு மைக்ரோனுக்கும் சிறிசு, அடர்த்தியும் தண்ணியை விடக் கொஞ்சம்தான் குறைவு, சும்மா வச்சா நாள் கணக்கில நிண்டாலும் சரியாப் பிரியாது, அதுக்குள்ள உறைஞ்சும் போகும். களுத்துறை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில வெட்டுற பாலை மையநீக்கியில விட்டா லேசான இறப்பர் நடுப்பக்கம் சேரும், 60 சதவீதம் இறப்பர் உள்ள செறிவாக்கின பால் வெளியில வரும், கையுறை செய்யுற ஆக்கள் கேக்கிறது அதைத்தான். மாட்டுப் பாலில கிறீம் எடுக்கிறதுக்கு குஸ்தாவ் டி லாவால் 1878இல செய்த மெஷினும் இதே வேலை.

காத்தில இருக்கிற தூசிக்கும் இதே வழி. மொரட்டுவையில மர வேலைப் பட்டறைகளுக்கு மேல தகரத்தால செய்த கூம்பு மாதிரி ஒண்டு நிக்கும், அது சைக்குளோன், அதுக்குள்ள சுத்துற பகுதி ஒண்டுமே இல்ல, தூசிக் காத்தைப் பக்கவாட்டால வேகமா விட்டாக் காத்தே சுத்தும், மரத்தூள் சுவரில பட்டு வழுக்கிக் கீழ சாக்குக்குள்ள விழும், காத்து நடுவால மேல போகும். அரிசி ஆலையிலயும் இருக்கு. ஆனா மிக நுண்ணிய தூசி அதுக்குள்ள அகப்படாது, பட்டறையில வேலை செய்யுறவர்ட நெஞ்சுக்குள்ள போறது அந்த நுண்ணிய தூசிதான், சைக்குளோன் இருக்கே எண்டு மாஸ்க் போடாம நிக்கக் கூடாது.

வடிகட்டுறது வேற விஷயம்

சனம் பொதுவா "பில்டர் பண்ணி வாற தண்ணி" எண்டு சொல்லும், கங்கைச் சேறு முழுக்க பில்டரிலதான் நிக்குது எண்ட நினைப்பு. உண்மையில பெரிய பங்கு சேறு படியுற டாங்கியிலயே போயிடும், பில்டருக்கு வாறது தப்பி வந்த மிச்சம் மட்டும், கலங்கல் தண்ணியை நேரா விட்டா பில்டர் கெதியா அடைச்சுப்போகும்.

மணல் பில்டர் அரிதட்டு மாதிரி வேலை செய்யுது எண்டதும் பிழை. மணல் துணிக்கை அரை மில்லிமீற்றருக்கு மேல, இடையில இருக்கிற ஓட்டை வழியா நுண்ணிய துணிக்கைகள் தாராளமாப் போகலாம். ஆனா வளைஞ்சு வளைஞ்சு போற வழியில துணிக்கை மணலில முட்டி ஒட்டிக்கொள்ளும், அதுவும் சீனாக்காரம் ஏற்றத்தை அடக்கி விட்டாத்தான் நல்லா ஒட்டும். நாளாக ஆக அடைக்கும், அப்ப கீழ இருந்து தண்ணியை மேல தள்ளி மணலைக் கிளப்பிக் கழுவுவாங்க. துணியில வடிகட்டுறது கொஞ்சம் வேற மாதிரி, அங்க முதல்ல துணி பிடிக்கும், பிறகு துணி மேல சேர்ந்த படையே வடியாகிடும், அதாலதான் முதல் வடிச்சது கலங்கலாவும் பிறகு வாறது தெளிவாவும் இருக்கும்.

இவ்வளவும் செய்தாலும் போகாதது

வரட்சி காலத்தில களனி கங்கையில தண்ணி குறைஞ்சா கடல் தண்ணி உள்ளுக்கு ஏறி அம்பத்தலை வரைக்கும் வரப் பார்க்கும். அந்த உப்பு கரைஞ்சது, தொங்குறது இல்ல, தனித் துணிக்கையா இல்லாத பொருளுக்குப் பருமனும் இல்ல படிதலும் இல்ல, சீனாக்காரமும் மணல் பில்டரும் அதைத் தொடாது. அதாலதான் கங்கைக்குக் குறுக்க தடுப்பு வச்சு உப்புத் தண்ணி வராமலே பார்க்கிறாங்க. கிணத்துத் தண்ணி சவர்க் குணமா இருந்தா எத்தனை நாள் தெளிய வச்சாலும் சவர்தான், உரத்தில இருந்து இறங்குற நைத்திரேற்றும் அப்பிடித்தான்.

கிருமி இன்னொரு கதை. பக்ரீரியா ஒரு மைக்ரோன் அளவு, அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணிதான், தானாப் படியாது. ஃபுளொக்கோட சேர்ந்து கனக்கக் கீழ போகும், ஆனா எல்லாம் போகாது, வைரஸ் அதையும் விடச் சிறிசு. வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு நிண்டாலும் அதுக்குள்ள மலசலகூடக் குழித் தண்ணி கலந்திருக்கலாம், கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது. தெளிய வச்ச பிறகு கொதிக்க வைக்கிறது இல்லாட்டிக் குளோரின் போடுறது கட்டாயம், சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணத்தை இறைச்சுக் குளோரின் போடச் சொன்னா "தெளிஞ்சிட்டுதே" எண்டு விட்டிடாதீங்க. தெளிய வைக்காம நேரா குளோரின் போடுறதும் சரி வராது, களியும் இலை குழை அழுகினதும் குளோரினைக் குடிச்சுப்போடும், கிருமி களித் திரளுக்குள்ள ஒளிச்சுத் தப்பும். முதல்ல தெளிய வச்சு, மேல் தண்ணியை அடிமண்டி கிளம்பாம ஊத்தி எடுத்து, துணியில வடிச்சு, அதுக்குப் பிறகு குளோரின் போட்டு, அரை மணித்தியாலமாவது விட்டுப் பாவிக்க வேணும்.